‘டொப்’பென்று ஒரு சத்தம்

கபடிக் களத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். வேகமாக உள்ளே போன ரெய்டர், பிடிக்க வருபவரைக் கண்டு ஒரு காலை அழுத்தி ஊன்றிச் சட்டென்று திரும்புகிறார். யாரும் அவரைத் தொடவில்லை. ஆனாலும் முழங்காலைப் பிடித்தபடி சரிகிறார். உள்ளே ‘டொப்’பென்று ஏதோ அறுந்ததாகச் சொல்வார். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். “ஜவ்வு கிழிஞ்சிருச்சு” என்பார்கள்.

நம் பேச்சில் ஜவ்வு என்பது மூன்று பொருள்களுக்குப் பொதுப்பெயர். எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு ஒன்று. இடையில் மெத்தைபோல் கிடக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸ் இன்னொன்று. எலும்போடு எலும்பைக் கட்டும் நார் மூன்றாவது. ரெய்டருக்கு அறுந்தது இந்த மூன்றாவதில் ஒன்று: ஏ.சி.எல். என்ற முன் சிலுவை நார்.

இடுப்பு மூட்டில் பந்து போன்ற எலும்பு முனை கிண்ணத்துக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. முழங்காலுக்கு அந்த வசதி இல்லை. தொடை எலும்பின் இரண்டு உருண்டைகள், ஏறக்குறையத் தட்டையான கீழ்க்கால் எலும்பின்மீது நிற்கின்றன. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நார்கள், நடுவில் பெருக்கல் குறிபோல் இரண்டு நார்கள், சுற்றிலும் தசைகள். மூட்டு நிற்பது பெரும்பாலும் இவற்றின் பிடியில்தான். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி வழுக்காமல் தடுக்கும் விசையில் சுமார் 85 சதவீதத்தை ஏ.சி.எல். ஒன்றே தாங்குகிறது. நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான். சாவியோ வூ குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இளவயதினரின் நாரை அறுக்கச் சராசரியாக 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. அதாவது சுமார் 220 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அறுபதைத் தாண்டியவர்களின் நார் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்கவில்லை.

அவ்வளவு உறுதியான நார் ஏன் அறுகிறது? பாதம் தரையில் பதிந்திருக்கிறது, உடல் திரும்புகிறது, அதிகம் மடங்காத முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. முன்தொடைத் தசை கீழ்க்காலை முன்னே இழுக்கிறது. பின்னே இழுத்துப் பிடிக்க வேண்டிய பின்தொடைத் தசைக்கோ, கால் நீண்டிருக்கும்போது அதற்கேற்ற கோணம் கிடைப்பதில்லை. விளையாட்டுக் காணொளிகளை அளந்து பார்த்தவர்கள், பாதம் தரையைத் தொட்ட 50 மில்லி விநாடிக்குள் நார் அறுந்துவிடுவதாகக் கணிக்கிறார்கள். ஆபத்தை உணர்ந்து தசை இறுகுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அதனால்தான் பாதம் தரையைத் தொடும் முன்பே தசைகள் தயாராக இருக்க வேண்டும். முட்டியை மடக்கிக் குதித்து இறங்கவும், முட்டி உள்ளே சாயாமல் திரும்பவும் பழக்கும் 20 நிமிடப் பயிற்சி முறை ஒன்றைக் கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கியது. அதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்தன. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நார் இரண்டு மடங்குக்கும் மேல் அறுகிறது. பள்ளியில் பெண்கள் அணியைப் பழக்கும் ஆசிரியர்களை இந்த 20 நிமிடத்துக்காகக் கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

முழுதாக அறுந்த ஏ.சி.எல். பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. காயத்தில் உறைய வேண்டிய ரத்தத்தை மூட்டுத் திரவம் கரைத்துவிடுகிறது. அதனால் அறுவை சிகிச்சையில் பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாணை எடுத்துப் புது நாராகப் பொருத்துகிறார்கள். மூட்டின் பிடி திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் பழைய நாரில் நரம்பு முனைகள் இருந்தன, கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்கு அவை சொல்லிக்கொண்டிருந்தன. புதியதில் தொடக்கத்தில் அவை இல்லை. ஒன்பது மாதத்துக்குள் களமிறங்குபவர்களுக்கு மீண்டும் காயம் படும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகும் பிசியோதெரபிஸ்ட் ஒற்றைக் காலில் தாவச் சொல்லி அளப்பார். நல்ல கால் தாண்டும் தூரத்தில் 90 சதவீதத்தையாவது எட்டும்வரை காயம்பட்ட கால் மீண்டும் பயிற்சிக்குத்தான் போகும்.