மேஜர் ஆனது எந்தத் தேதியில்?

அமெரிக்காவில் நேஷனல் கார்டில் இருக்கும் ஒரு கேப்டனை எடுத்துக்கொள்வோம். வாரநாட்களில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு சீருடை. மார்ச் 1-ஆம் தேதி அவருடைய மாநிலம் அவரை மேஜராக உயர்த்தி உத்தரவு போடுகிறது. வீட்டில் கேக் வெட்டியாயிற்று. அக்டோபர் வந்தும் கையில் விழுவது கேப்டன் சம்பளம்தான். கேட்டால், “உங்கள் ஃபைல் வாஷிங்டனில் இருக்கிறது” என்கிறார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஒரு வழியாக உத்தரவு வருகிறது. அதில் மேஜர் ஆன நாள் என்று போட்டிருப்பதும் நவம்பர் 1. நடுவில் போன எட்டு மாதத்துக்கு யார் பதில் சொல்வது?

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

நேஷனல் கார்டு அதிகாரிக்கு இரண்டு எஜமானர்கள். ஒருவர் மாநில ஆளுநர், இன்னொருவர் மத்திய அரசு. மாநிலம் தன் பங்குக்குப் பதவி உயர்த்தலாம். ஆனால் சம்பளம் மத்திய அரசின் பணம். அந்தப் பணம் நகர வேண்டுமானால் மத்திய அரசு அந்தப் பதவியை அங்கீகரிக்க வேண்டும். ஃபெடரல் ரெகக்னிஷன் என்பார்கள். பெயர்களை ஒரு பட்டியலில் சேர்த்து மேலே அனுப்புவார்கள். அதற்கு ஸ்க்ரோல் என்று பெயர். அதிகாரிகளை நியமிக்கும் அதிகாரம் ஜனாதிபதியுடையது. லெப்டினன்ட் கர்னல் வரை அவர் மட்டும் போதும், கர்னல் முதல் செனட்டின் ஒப்புதலும் வேண்டும். அந்தப் பட்டியல் மேஜை மேஜையாக ஏறி, கையெழுத்தாகி இறங்க மாதக்கணக்கில் ஆகும்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பதவி உயர்வு என்றால் ஒரு தேதி என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டு. ஒன்று டேட் ஆஃப் ரேங்க்; சீனியாரிட்டி அதிலிருந்து ஓடும். மற்றது எஃபெக்டிவ் டேட்; சம்பளம் அதிலிருந்து ஓடும். நம் ஊர் அரசு ஊழியர்களுக்கு இது புதிதல்ல. “நோஷனல்” ப்ரமோஷன் கொடுத்து, சீனியாரிட்டி பழைய தேதியிலிருந்து, பணம் மட்டும் பொறுப்பேற்ற நாளிலிருந்து என்று உத்தரவு வாங்கியவரைக் கேட்டால் இரண்டு தேதிக்கும் உள்ள தூரத்தை ரூபாயிலேயே சொல்வார். ஒரு தேதியைத் திருத்தினால் இன்னொன்றும் தானாக மாறிவிடும் என்று நம்பக் கூடாது. மனுவில் இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மனு எங்கே கொடுப்பது? ஒவ்வொரு படைத்துறைக்கும் ஆவணத் திருத்த வாரியம் ஒன்று உண்டு. ராணுவத்துக்குத் தனி, விமானப்படைக்குத் தனி; கடற்படைக்கும் மெரீன் படைக்கும் சேர்த்து ஒன்று. உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் சீருடைக்காரர்கள் அல்ல, அந்தத் துறையின் சிவிலியன் அதிகாரிகள். இந்த வாரியங்கள் வந்த கதை சுவையானது. 1946-க்கு முன்னால் ஒரு சிப்பாயின் பதிவேட்டில் பிழை இருந்தால், அந்த ஒருவருக்காகவே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் தனி மசோதா கொண்டுவர வேண்டும். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள், ஆளுக்கொரு சட்டம்! 1946-இல் காங்கிரஸ் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, பிழையையோ அநியாயத்தையோ நீக்கத் தேவைப்பட்டால் பதிவேட்டைத் திருத்தும் அதிகாரத்தைத் துறைகளிடமே கொடுத்தது. ஆனால் திருத்திய பதிவேட்டுக்குப் பணம் கொடுக்கலாமா என்ற சிக்கல் தொடர்ந்தது. 1951-இல்தான் சட்டத்தைத் திருத்தி அந்த வழியையும் திறந்தார்கள்.

அந்தச் சட்டத்தில் பிழை என்றும் அநியாயம் என்றும் இரண்டு வார்த்தைகள் தனித்தனியாக நிற்கின்றன. நம் கேப்டனுடைய மனுவின் தலையெழுத்தே இவற்றில்தான் இருக்கிறது. ஏனென்றால், கார்டு அதிகாரியின் பதவி உயர்வு ஃபெடரல் அங்கீகாரம் கிடைத்த நாளிலிருந்துதான் அமலுக்கு வரும் என்று, கார்டையும் உள்ளடக்கிய ரிசர்வ் அதிகாரிகளுக்கான சட்டமே சொல்கிறது. அங்கீகாரம் நவம்பர் 1-இல் கிடைத்தது, பதிவேட்டிலும் நவம்பர் 1 இருக்கிறது. பிழை எங்கே? தாமதம் வேறு, பிழை வேறு. இது புரியாமல், “எட்டு மாதம் தாமதப்படுத்தினார்கள்” என்று மட்டும் எழுதி அனுப்பிய மனுக்கள் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன.

2011-க்குப் பிறகு நடந்தது நல்ல உதாரணம். அந்த ஆண்டு ஜனவரியில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டம், கார்டில் இருக்கும், தொழில்நுட்ப நிபுணர்களான வாரன்ட் அதிகாரிகளின் நியமனமும் பதவி உயர்வும் ஜனாதிபதியின் பெயரால்தான் நடக்க வேண்டும் என்று மாற்றியது. அதுவரை கீழ்மட்டத்தில் முடிந்த வேலை திடீரென்று மேலே ஏற, ஃபைல்கள் தேங்கின. பலர் ராணுவ வாரியத்துக்கு மனுப் போட்டார்கள். இது யாருடைய தவறும் அல்ல, புதிய சட்டத்தால் எல்லோருக்கும் வந்த தாமதம் என்று சொல்லிப் பல மனுக்களை வாரியம் தள்ளியது. சட்டத்தின் பார்வையில் அது சரியாகவே இருக்கலாம். எனக்கு அது திருப்தி தரவில்லை. எல்லோருக்கும் நடந்தது என்பதாலேயே ஒரு அநியாயம் அநியாயமில்லாமல் போய்விடுமா?

காங்கிரஸுக்கும் பிற்பாடு அப்படித் தோன்றியிருக்க வேண்டும். மாநிலம் முழுமையான ஃபைலை அனுப்பி, அதை மத்திய அரசின் அலுவலகமான நேஷனல் கார்டு பீரோ பரிசீலனைக்குத் தயார் என்று ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 100 நாளுக்கு மேல் இழுத்தடித்தால், அதுவும் தாமதத்துக்கு அதிகாரி காரணமாக இல்லாவிட்டால், தேதியை முன்னே நகர்த்தலாம் என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். 2024-க்கு முன் அமலான மாநிலப் பதவி உயர்வுகளுக்கு விதி இது; மாநில உத்தரவின் தேதிக்கு முன்னால் மட்டும் போக முடியாது. நல்ல விதிதான், கொஞ்சம் கருமித்தனம் என்றாலும். கடிகாரம் ஓடத் தொடங்குவது மாநிலம் உத்தரவு போட்ட அன்று அல்ல, ஃபைல் முழுமையாகப் போய்ச் சேர்ந்த அன்று. மார்ச்சிலிருந்து மே வரை மாநிலத் தலைமையகத்திலேயே ஒரு மருத்துவச் சான்றுக்காக ஃபைல் காத்துக் கிடந்திருந்தால் அந்த இரண்டு மாதம் இந்தக் கணக்கில் வராது.

ஆகவே மனுவில் முதலில் வைக்க வேண்டியது கோபத்தை அல்ல, ஃபைலின் பயணக் குறிப்பை. எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனது, எப்போது திரும்பி வந்தது, ஏன் வந்தது என்பதைக் காட்டும் மின்னஞ்சல்கள், மாநில உத்தரவின் நகல், அங்கீகார உத்தரவின் நகல் எல்லாம் வேண்டும். அரசு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது என்ற அனுமானத்தோடுதான் வாரியம் உட்காரும். இல்லை என்று காட்டுவது மனுதாரர் பாடு. டிடி ஃபார்ம் 149 என்ற படிவத்தை, பிழை தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் அனுப்ப வேண்டும். நீதி கருதி வாரியம் அந்தக் கெடுவைத் தளர்த்தலாம். மனு அனுப்புமுன் துறைக்குள் இருக்கும் மற்ற வழிகளை எல்லாம் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். வாரியம் சம்பந்தப்பட்ட அலுவலகத்திடம் கருத்துக் கேட்கும். அந்தக் கருத்தின் நகல் மனுதாரருக்கும் வரும், அதைப் படிக்காமல் விட்டுவிடக் கூடாது. வழக்கைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்தக் கருத்துதான். முடிவுக்கு 18 மாதம் என்று சட்டம் இறுதிக் கெடு வைத்திருக்கிறது.

வேறு வகை மனுக்களுக்கு வழி இன்னும் தெளிவு. உத்தரவில் தேதியைத் தட்டச்சில் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்றால் அது சுத்தமான பிழை. தேர்வுக் குழுவின் முன் ஃபைலே போகவில்லை, அல்லது வேண்டிய மதிப்பீட்டு அறிக்கை இல்லாமல் போனது என்றால் சிறப்புத் தேர்வுக் குழு கேட்கலாம். அதில் தேர்வானால், முதலிலேயே தேர்வாகியிருந்தால் கிடைத்திருக்கும் சீனியாரிட்டித் தேதியையும் சம்பளத் தேதியையும் சேர்த்தே சட்டம் கொடுத்துவிடுகிறது.

சரி, நம் கேப்டன் ஜெயித்து மார்ச் 1 கிடைத்துவிட்டது என்றே வைப்போம். அரியர்ஸ் எவ்வளவு வரும்? முழுநேர அதிகாரியின் எட்டு மாத வித்தியாசம் என்று மனக்கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். ரிசர்வ்காரருக்குச் சம்பளம் டிரில் எனப்படும் பயிற்சி அமர்வுக் கணக்கில். ஒரு டிரிலுக்கு மாத அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு; ஒரு வார இறுதிக்கு நான்கு டிரில். கேப்டனுக்கும் மேஜருக்கும் மாத அடிப்படைச் சம்பளத்தில் 600 டாலர் வித்தியாசம் என்று வசதிக்காக வைத்துக்கொண்டால், டிரிலுக்கு 20 டாலர். எட்டு வார இறுதிகளுக்கு 640. ஜூலையில் 15 நாள் வருடாந்தர முகாம் போயிருந்தால் இன்னொரு 300. படிகளை விட்டுவிட்டால் மொத்தம் 940 டாலர். இதுவும் அவர் நேரில் போய்ச் செய்த டிரிலுக்குத்தான். செய்யாத டிரிலுக்கு ரிசர்வ்காரர் சம்பளம் கேட்க முடியாது என்று 1999-இல் பால்மர் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவ்வளவு அலைச்சல் 940 டாலருக்கா என்று தோன்றும். பணத்தைவிடப் பெரிது சீனியாரிட்டி. அடுத்த பதவிக்கான தேர்வுக் குழு எந்த வருடம் இவர் பெயரை எடுக்கும் என்பதை டேட் ஆஃப் ரேங்க்தான் முடிவு செய்கிறது. எட்டு மாதம் பின்னால் தள்ளினால் ஒரு வருடக் குழுவே கை நழுவலாம். லெப்டினன்ட் கர்னலாகவோ அதற்கு மேலோ ஓய்வுபெற வேண்டுமானால், பொதுவாக அந்தப் பதவியில் மூன்று வருடம் இருந்திருக்க வேண்டும். ஓய்வு வயதை நெருங்கும் ஒருவருக்கு அந்த எட்டு மாதம் இல்லாவிட்டால், வாழ்நாள் முழுக்க ஒரு படி குறைந்த பென்ஷன்.

வாரியம் திருத்துவது பதிவேட்டை மட்டும். பணத்தைக் கணக்குப் போட்டு அனுப்புவது பாதுகாப்புத் துறையின் நிதிக்கணக்கு அலுவலகம். இந்தத் திருத்தத்தின்படி வரும் தொகையை ஏற்றுக்கொண்டுவிட்டால், அந்தக் கோரிக்கை முழுதாகத் தீர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் தொகையைப் பார்த்துச் சந்தோஷப்படுமுன் கணக்குத்தாளைக் கேட்டு வாங்கி, எந்தெந்த டிரில் சேர்ந்திருக்கிறது, அந்த 15 நாள் முகாம் விட்டுப்போயிருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.