ஒரு நிரல், இரு தராசுகள்

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடையின் மின்னணுத் தராசையும், இராசபாளையம் நூற்பாலையில் நூல் மூட்டைகளை நிறுக்கும் தராசையும் ஒரே சி நிரல் இயக்குவதாகக் கொள்வோம். முன்னது கிராமில் கணக்கிட வேண்டும், பின்னது கிலோகிராமில். இதற்கென இரு நிரல்களை எழுதினால், ஒன்றில் திருத்திய பிழை மற்றொன்றில் அப்படியே தங்கிவிடக்கூடும்.

இங்கே உதவுவது முன்செயலி. நிரல்பெயர்ப்பி தன் பணியைத் தொடங்குமுன், முன்செயலி மூல நிரலைப் படித்து, மேக்ரோ எனப்படும் பெயர்களுக்கு உரிய மதிப்புகளை இடுகிறது. நிபந்தனைக்கு உட்படாத வரிகளை நீக்குகிறது. 'கிராம்' என்னும் மேக்ரோ வரையறுக்கப்பட்டிருந்தால் ஒரு பகுதி நிற்கும். இல்லையேல் மற்றொரு பகுதி நிற்கும். நீக்கப்பட்ட பகுதி இயங்கும் நிரலில் இடம்பெறுவதே இல்லை.

மேக்ரோவை மூல நிரலிலேயே வரையறுத்தால், தராசு மாறும்போதெல்லாம் நிரலைத் திருத்த நேரும். அதனினும் நன்று, அதை வெளியே வைப்பது. ஜிசிசி நிரல்பெயர்ப்பிக்குத் தரும் கட்டளையில் ஒரு சிறுகோடு, பெரிய 'டி' எழுத்து, மேக்ரோவின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால் போதும். பெருந்திட்டங்களில் இக்கட்டளைகளை 'மேக்' கருவிக்கான கோப்பில் எழுதி வைப்பர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'சக்தி' நுண்செயலிகளுக்கான மென்பொருள் தொகுப்பிலும் 'மேக்' கட்டளையிலேயே இலக்கைக் குறிப்பிடுகின்றனர். 32 பிட் 'பினாகா'வுக்கா, 64 பிட் 'வஜ்ரா'வுக்கா என்பதை அக்குறிப்பே முடிவு செய்கிறது.

ஆயினும் இவ்வசதியில் ஓர் இடர் உண்டு. 'மேக்' கருவி பொதுவாகக் கோப்புகள் திருத்தப்பட்ட நேரத்தையே ஒப்பிடும். கட்டளையில் மேக்ரோ மாறியதை அது தானாக அறியாது. நூற்பாலைக்காக உருவாக்கிய நிரலைக் கடைக்கென மாற்றும்போது, எடையைப் படிக்கும் கோப்பில் மட்டும் ஒரு திருத்தம் செய்ததாகக் கொள்வோம். அக்கோப்பு கிராமுக்கு மாறும். தொடப்படாத விலைக் கோப்போ பழைய கிலோகிராமிலேயே நிற்கும். அரைக் கிலோ பால்கோவாவுக்கு ஐந்நூறு கிலோவின் விலை வரும்! பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. எனவே அமைவை மாற்றியதும் முன்பு உருவான கோப்புகளை அழித்து, நிரலை முழுமையாக மீண்டும் உருவாக்குதல் வேண்டும்.

சி மொழியின் தர நூலகத்திலுள்ள 'அசர்ட்' என்னும் சோதனை மேக்ரோவும் இத்தகையதே. 'என்டிபக்' என்னும் மேக்ரோ வரையறுக்கப்பட்டால் அச்சோதனை மறைந்துவிடும். விற்பனைக்குரிய வடிவத்தைப் பலர் அவ்வாறே உருவாக்குகின்றனர். தராசைச் சுழியத்தில் நிறுத்தும் செயற்கூற்றை 'அசர்ட்' அடைப்புக்குறிக்குள் அழைத்திருந்தால், அவ்வழைப்பும் உடன் மறையும். சோதனைக்கூடத்தில் சரியாக நிறுத்த தராசு, கடையில் வெற்றுத்தட்டுக்கும் எடை காட்டும்.