கைபேசியில் வரும் மளிகைச் சீட்டு: கடைக்காரர் கவனத்திற்குச் சில



மாதம் பிறந்தால் நோட்டுத்தாளில் எழுதிய சாமான் சீட்டு கல்லாவுக்கு வந்து சேரும். "கடலை அரை, புளி 1" என்று மட்டும் எழுதியிருந்தாலும், அந்த வீட்டுக்கு எது வேண்டும் என்பது நமக்குத் தெரியும். கையெழுத்தைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவோம். இன்று அதே சீட்டு வாட்ஸ்அப்பில் வருகிறது. எழுதியவர் வாங்கப் போகிறவர்தானா என்பதே தெரிவதில்லை.

பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, கடத்தூர் பகுதிகளில் பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்க, பெற்றோர் ஊரில் இருக்கும் வீடுகள் பல உண்டு. இத்தகைய குடும்பங்களுக்குப் பயன்படுவதுதான் 'பகிர்வுப் பட்டியல்'. கூகுள் நிறுவனம் 2013இல் வெளியிட்ட 'கீப்' என்ற குறிப்புச் செயலியில், 2014 முதல் ஒரே பட்டியலைப் பலர் சேர்ந்து எழுதலாம். மகன் ஓசூரில் இருந்து "துவரம்பருப்பு" என்று சேர்த்தால் அது ஊரில் உள்ள தாயாரின் கைபேசியிலும் தெரியும். வாங்கிய பொருளுக்கு எதிரே குறியிட்டால், அனைவருக்கும் அது வாங்கியாயிற்று என்று காட்டும்.

'எனிலிஸ்ட்' போன்ற செயலிகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. இந்த வாரம் எந்த நாள் என்ன சமையல் என்று குறித்து வைத்து, அதற்கு வேண்டிய சாமான்களைச் சமையல் குறிப்பிலிருந்தே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கே இடறுகிறது?

முதலாவது, வீட்டாரின் கைபேசியில் உள்ள பட்டியல் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நமக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப்படுவதோ அதன் நகல்தான். காலை 9 மணிக்கு மகன் அனுப்பிய சீட்டில் சர்க்கரை 2 கிலோ இருக்கும். 10 மணிக்குத் தாயார் அதை 1 கிலோவாகத் திருத்துவார். அவர்கள் இருவருக்கும் திருத்தம் தெரியும், நமக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்தும் வசதி 2023இல் வந்துள்ளது என்றாலும், அனுப்பிய 15 நிமிடத்துக்குள்தான் திருத்த இயலும். கட்டிய சரக்கு திரும்பி வருவதும் மனத்தாங்கல் ஏற்படுவதும் பெரும்பாலும் இதனால்தான். இதில் யார் மீதும் குற்றம் இல்லை.

இரண்டாவது, அளவு. "எண்ணெய் 1" என்றால் லிட்டரா, கிலோவா? ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். கிலோ என நினைத்து எழுதியவருக்கு லிட்டர் பாக்கெட் கொடுத்தால், எடை குறைவு என்ற பழி நம் மீது வரும். "கடலை" என்றால் நிலக்கடலையா, பொட்டுக்கடலையா, கொண்டைக்கடலையா? புளி கொட்டை எடுத்ததா, எடுக்காததா? பழைய சீட்டிலும் இக்குழப்பம் உண்டு. ஆனால் சீட்டைக் கொண்டு வந்தவர் எதிரே நிற்பார், கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, சமையல் திட்டத்திலிருந்து வரும் பட்டியலில் ஒரே பொருள் இரண்டு வரிகளில் வரக்கூடும். திங்கட்கிழமைச் சாம்பாருக்கு ஒன்று, வியாழக்கிழமைச் சாம்பாருக்கு ஒன்று. கை தவறி இருமுறை எழுதிவிட்டார்கள் என்று நாமாக ஒன்றை அடித்துவிடலாகாது.

என்ன செய்யலாம்?

1. பட்டியல் வந்தவுடன் "சீட்டு கிடைத்தது. மாலை 4 மணி வரை மாற்றம் சொல்லலாம், அதன்பின் கட்டிவிடுவோம்" என்று பதில் அனுப்புங்கள். சிறு வணிகர்களுக்காக 2018இல் வந்த 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலியில் இத்தகைய பதிலை முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

2. ஐயமுள்ள வரிகளை மட்டும் திரட்டி ஒரே முறை கேளுங்கள். பதிலை வாடிக்கையாளர் பெயரில் நோட்டில் குறித்துக்கொண்டால், அடுத்த மாதம் கேட்க வேண்டியதில்லை.

3. சிலர் வசதிக்காகக் குடும்பப் பட்டியலிலேயே நம்மையும் சேர்க்க முன்வருவர். அன்புடன் மறுப்பது நலம். கீப் போன்ற செயலியில் சேர்க்கப்பட்டவர் எவரும் பட்டியலை மாற்றலாம். கடைப் பையன் பொருளை எடுத்து வைக்கும்போது குறியிட்டால், வீட்டில் உள்ளவர்கள் சாமான் வந்துவிட்டது என்று எண்ணக்கூடும். மேலும், ஒரு வீட்டின் பட்டியல் அந்த வீட்டின் அந்தரங்கம்.

4. பொருளைக் கட்டியபின் அளவும் விலையும் எழுதிய பில்லைப் படமெடுத்து அனுப்புங்கள். ஊரில் உள்ள தாயாரும் வெளியூரில் உள்ள மகனும் ஒரே கணக்கைப் பார்ப்பார்கள்.

பெரிய நிறுவனங்களின் செயலியில் வாடிக்கையாளர் படத்தையும் எடையையும் பார்த்துத் தாமே பொருளைத் தேர்ந்தெடுக்கிறார். அங்கே "கடலை 1" என்ற குழப்பம் குறைவு. ஆனால், "அம்மா, போன மாதம் வாங்கிய அதே குண்டு மிளகாய்தானே?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. நம் கடையில் இருக்கிறது. நோட்டுத்தாள் போய்க் கைபேசி வந்தாலும், கேட்டுக் கொடுக்கும் அந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிடாதிருந்தால், மாதச் சீட்டு நம் கல்லாவுக்கே வந்து சேரும்.