தரவரிசை தகுதியாகும் விதம்: நிக்கோபார் மிதிவண்டி வீரர்களை முன்வைத்து

பெரும் போட்டிகளில் இடங்கள் குறைவாகவும் பங்கேற்க விரும்புவோர் மிகுதியாகவும் இருப்பதால், அண்மைக்கால முடிவுகளைப் புள்ளிகளாக்கிக் கூட்டும் தரவரிசையே பல விளையாட்டுகளில் தகுதியைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பியக் கால்பந்தில், ஒரு நாட்டின் கழகங்கள் வெற்றிக்கு 2, சமனுக்கு 1 என ஈட்டும் புள்ளிகளைப் பங்கேற்ற கழகங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஐந்து பருவங்களின் ஈவுகளைக் கூட்டினால் கிடைக்கும் குணகம், சாம்பியன்ஸ் லீக்கில் அந்நாட்டுக்குரிய இடங்களை முடிவு செய்கிறது.

ஓடுதள மிதிவண்டிப் பந்தயத்திலும் அடிப்படை இதுவே. உலக வாகையர் போட்டி, கண்டப் போட்டி, அங்கீகாரம் பெற்ற சிறு பந்தயங்கள் எனப் படிநிலை வகுத்து, மேல்படிக்கு மிகுதியான புள்ளிகள் அளிக்கும் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம், ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தரவரிசை வெளியிடுகிறது. கார் நிக்கோபாரைச் சேர்ந்த டெபோரா ஹெரால்ட், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுத் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் 500 மீட்டர் பிரிவில், 2015-இல் உலகின் 4ஆம் இடத்தை எட்டினார். ஆயினும் அப்பிரிவு 2004-க்குப் பின் ஒலிம்பிக்கில் இல்லாததால், அந்த உயர்ந்த இடம் ரியோவுக்கான நுழைவாக மாறவில்லை.

நிக்கோபாரின் மற்றொரு வீரரான எசோ ஆல்பன், 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில், இயந்திர வண்டியின் பின்னே வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சென்று, அது விலகியதும் இறுதிச் சுற்றுகளில் முந்த முனையும் கெய்ரின் பிரிவில் இளையோர் உலக வெள்ளி வென்றார். மறு ஆண்டு ஜெர்மனியில் இந்திய அணியுடன் குழு விரைவோட்டத் தங்கமும் பெற்றார். எனினும் இளையோர் புள்ளிகள் மூத்தோர் கணக்கில் சேர்வதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான குழு விரைவோட்டத் தரவரிசையில் தகுதி பெற்ற 8 நாடுகளுக்கு, விரைவோட்டத்திலும் கெய்ரினிலும் இரண்டிரண்டு தனிநபர் இடங்கள் உடன் கிடைத்தன. எஞ்சிய சிலவற்றுக்கே தனிநபர் தரவரிசை வழிவிட்டது. ஆகவே ஒரு வீரரின் வாய்ப்பு தோழர்களின் வேகத்தையும் பெரிதும் சார்ந்திருந்தது.

கலந்துகொள்ளாத பந்தயத்துக்குப் புள்ளி இல்லை என்பதால், வெளிநாட்டுப் பயணச் செலவைத் தாங்கும் நாடுகளுக்கு இம்முறை இயல்பாகவே சாதகமாகிறது. டெல்லியின் இந்திரா காந்தி உள்ளரங்கில் நடைபெற்ற ஆசியக் கோப்பை போன்ற அங்கீகாரம் பெற்ற பந்தயங்கள் நாட்டுக்குள் ஆண்டுதோறும் நடந்தால், தீவிலிருந்து வரும் இளையோர் தம் வேகத்தைப் புள்ளியாக்கும் வழி பெறுவர். அவர்கள் மூத்தோர் நிலையை எட்டும் ஆண்டுகளில்தான் அந்த ஆதரவு மிகவும் தேவை.