தாள் இருக்கிறது, வேலை எங்கே?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிபோங் தெபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மாள் தன் மகனையும் அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தார். கையில் ஒரு சான்றிதழ். பிளாஸ்டிக் உறை போட்டு, மடங்காமல் இருக்க அட்டையும் வைத்திருந்தார்.

"ஐயா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இது செல்லுமா, செல்லாதா? நாலு இடத்துல காட்டிட்டோம். வாங்கிப் பாக்குறாங்க, திருப்பிக் குடுத்துடுறாங்க. காரணம் மட்டும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

பார்த்தேன். தங்க நிறக் கரை, மூன்று முத்திரைகள், பருந்துப் படம், ஆங்கிலத்தில் பெரிய பெரிய எழுத்துக்கள். எல்லாம் இருந்தது. இருக்க வேண்டிய ஒன்றுதான் இல்லை. பையன் படித்தது வயரிங். ஆனால் எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜெயா தெனாகாவின் பெயரும் அதில் இல்லை, திறன் மேம்பாட்டுத் துறையின் பெயரும் இல்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆறு மாதம் நடந்த வகுப்பு அது. நடத்தியவர்களே அச்சடித்து, அவர்களே கையெழுத்தும் போட்டுக்கொண்ட தாள்.

"ஏம்மா இங்க சேத்தீங்க?" என்று கேட்டேன்.

"வேற எடத்துல ரொம்பக் கேட்டாங்க ஐயா. எஸ்.பி.எம். ரிசல்ட்டு கேட்டாங்க, அது கேட்டாங்க, இது கேட்டாங்க. இவங்க ஒண்ணுமே கேக்கல. 1,500 வெள்ளிதான்னாங்க. சம்பள நாளு அன்னிக்கு லயத்து வாசலுக்கே வந்து நோட்டீஸ் குடுத்தாங்க."

அந்த 1,500 வெள்ளியை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். தொழிலாளர் குடும்பங்கள் ஒவ்வொன்றும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு என்பதால் அப்படியே தருகிறேன்.

சேர்ந்த பிறகு பதிவுக் கட்டணம் 150 வெள்ளி, கருவிப் பெட்டி 300, பரீட்சைக் கட்டணம் 250, சான்றிதழ் அச்சுக்கூலி 100 என்று கேட்டார்கள். ஆக 800 வெள்ளி. பட்டவொர்த் வரை பஸ், பிறகு ஃபெரி, மத்தியானச் சோறு எல்லாம் சேர்த்து நாளுக்கு 15 வெள்ளி. வாரம் ஐந்து நாள், 26 வாரம். 1,950 வெள்ளி. இதோடு முடியவில்லை. பையன் பத்து காவான் தொழிற்சாலையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத்தான் படிக்கப் போனான். 2025 பிப்ரவரி 1-ல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. ஆறு மாதத்துக்கு 10,200 வெள்ளி. ஆகக்கூடி 14,450 வெள்ளி!

முதலாளி கட்டும் ஈ.பி.எப். பங்கு இதில் சேரவில்லை. சம்பளத்தில் நூற்றுக்கு 13 என்றால் மாதம் 200 வெள்ளிக்கு மேல் வரும். அதுவும் ஆறு மாதம் நின்று போயிற்று. அம்மாள் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே தள்ளி எடுத்த நஷ்டத்தையும் நான் எழுதவில்லை. எழுதப் போனபோது, "அது போகட்டும் ஐயா" என்று அவரே தடுத்துவிட்டார்.

சரி, வேலை ஏன் கிடைக்கவில்லை? பையன் கெட்டிக்காரன்தான். சுவிட்சுப் பெட்டியைத் திறந்து காட்டினால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் மின்சாரக் கம்பி இழுப்பது நம் நாட்டில் சட்டத்துக்கு உட்பட்ட தொழில். 1990-ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டமும் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகளும் அதைக் கட்டுப்படுத்துகின்றன. ஒரு வீட்டுக்கு வயரிங் முடிந்ததும் இரண்டு பாரங்களில் கையெழுத்து வேண்டும். வேலை முறையாக மேற்பார்வையிடப்பட்டு முடிந்தது என்பதற்குப் பாரம் ஜி, சோதித்துப் பார்த்தாயிற்று என்பதற்குப் பாரம் எச். தகுதிச் சான்று பெற்றவர்தான் இவற்றில் கையெழுத்துப் போட முடியும். ஒற்றை ஃபேஸ், மூன்று ஃபேஸ் என்று அந்தச் சான்றிலும் வகை உண்டு. ஆணையம் அங்கீகரித்த இடத்தில் படித்து, பரீட்சை தேறினால்தான் அது கைக்கு வரும். மாடி வகுப்புத் தாளை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது. குத்தகைக்காரர் இவனை எடுத்தால் கையாளாகத்தான் எடுப்பார், சம்பளமும் கையாள் சம்பளந்தான்.

எண்ணெய் ஆலை பாய்லர் வேலைக்கும் இதே கதைதான். தகுதிச் சான்று இல்லாதவரிடம் நீராவியை ஒப்படைக்க எந்த ஆலை மேனேஜரும் துணிய மாட்டார்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. "நர்ஸ் படிப்பு, ஒரே வருஷம், வெளிநாட்டு வேலை" என்று நோட்டீஸ் வருகிறது. நர்ஸ் என்ற பெயர் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவருக்குத்தான் உண்டு. மலேசிய தாதியர் வாரியம் ஒப்புக்கொண்ட படிப்பை முடித்து, வாரியப் பரீட்சையும் தேற வேண்டும். வாரியம் ஒப்புக்கொள்ளாத வகுப்பில் படித்த பெண்ணால் அந்தப் பரீட்சைக்கே உட்கார முடியாது. வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டுப் படம் பிடித்துக் கொடுப்பார்கள், வீட்டில் மாட்டி வைக்கலாம். கிடைப்பது உதவியாளர் வேலை. உதவியாளர் வேலை கேவலமில்லை. ஆனால் நர்ஸ் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள் அல்லவா?

இங்கே ஒருவர் குறுக்கே கேட்கலாம்: "அனுமதி வாங்கின காலேஜும்தான் இழுத்து மூடுறான், அதுக்கு என்ன சொல்றீங்க?" நியாயமான கேள்வி. நம் கெப்பாலா பத்தாஸிலேயே நடந்தது. அலையன்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகக் கல்லூரி லண்டனில் ஒரு வளாகம் வாங்கும் அளவுக்குப் பெரிதாகக் கிளம்பி, 2014-ல் பண நெருக்கடியில் விழுந்தது. பிள்ளைகள் நடுவழியில் நின்றார்கள். ஆனால் அது பதிவு பெற்ற கல்லூரி. அதனால் அமைச்சு தலையிட்டு அவர்களை வேறு கல்லூரிகளுக்கு மாற்ற வழி பிறந்தது. பதிவே இல்லாத மாடி வகுப்பு ஒரு திங்கட்கிழமை காலையில் பூட்டிக் கிடந்தால், எந்த அமைச்சிடம் போய் நம் பிள்ளையின் பெயரைச் சொல்வது? அங்கே பெயர்ப்பட்டியலே கிடையாது.

நம் ஆட்களை மட்டும் ஏமாளி என்று சொல்லிவிட வேண்டாம். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையே வெளியிட வேண்டியிருக்கிறது. படித்தவன் வீட்டிலும் இந்த ஏமாற்று நடக்கிறது. தோட்டத்தில் விசாரித்துச் சொல்ல ஆள் குறைவு, அவ்வளவுதான்.

ஆகவே பணம் கட்டுமுன் விசாரியுங்கள். கைத்தொழில் என்றால், இந்த இடம் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்றதா, எந்தத் தொழிலுக்கு, எந்தப் படிக்கு என்று கேளுங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எஸ்.கே.எம். சான்றிதழ் கொடுப்பது அந்தத் துறைதான். ஓர் இடத்துக்கு வெல்டிங்குக்கு அங்கீகாரம் இருக்கும், வயரிங்குக்கு இருக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். டிப்ளோமா என்றால் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காசு கொடுக்காமல் பார்க்கலாம். லயத்தில் கைப்பேசி வைத்திருக்கிற எந்தப் பிள்ளையும் பார்த்துச் சொல்லிவிடும். இன்னொன்றும் கேளுங்கள்: "இதுக்கு பி.டி.பி.கே. கடன் கிடைக்குமா?" அங்கீகாரம் பெற்ற திறன் பயிற்சிக்குத்தான் அந்தக் கடன். கேட்டதும் ஏஜெண்ட் பேச்சை மாற்றினால் நோட்டீஸை மடித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

தூரம் போகவும் வேண்டியதில்லை. மனிதவளத் துறையின் தொழிற்பயிற்சி நிலையங்கள் கெப்பாலா பத்தாஸிலும் நிபோங் தெபாலிலும் இருக்கின்றன. புக்கிட் மின்யாக்கில் ஜப்பான்-மலேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் 1989-ல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம். அந்த அம்மாள் தினமும் நிபோங் தெபாலைத் தாண்டித்தான் மகனை ஃபெரிக்கு அனுப்பியிருக்கிறார்!

வருஷக்கணக்காக வெல்டிங்கோ வாகனப் பழுதோ கையால் செய்து பழகியவர்களுக்கு வேறு வழியும் உண்டு. வகுப்பில் உட்காராமலே, செய்த வேலையின் ஆதாரங்களைக் காட்டி எஸ்.கே.எம். பெறும் முறை அது. பி.பி.டி. என்று சொல்லிக் கேளுங்கள். படங்கள், முதலாளியின் கடிதம், செய்த வேலையின் பட்டியல் எல்லாவற்றையும் இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

ஏற்கனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீதும் நோட்டீசும் கையில் இருக்கட்டும். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் மக்களின் புகார்களைக் கேட்டு வரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது.

அந்த அம்மாளிடம் இரண்டு ரசீது இருந்தது. பரீட்சைப் பணத்துக்கு ரசீதே கொடுக்கவில்லையாம். இருப்பதை வைத்து மனு எழுதிக் கொடுத்தோம். பையன் இப்போது பதிவு பெற்ற ஒரு குத்தகைக்காரரிடம் கையாளாக இருக்கிறான், அடுத்த சேர்க்கைக்கு மனுப் போட எஸ்.பி.எம். தாளைத் தேடி எடுத்திருக்கிறான். போன வாரம் அம்மாள் மறுபடியும் போன் செய்தார். சின்ன மகளுக்கு யாரோ நர்ஸ் படிப்பு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்களாம்.

"பணம் கட்டல ஐயா. அந்த வாரியம்னு சொன்னீங்களே, அதோட பேர மட்டும் ஒரு தடவ மெதுவாச் சொல்லுங்க, மக எழுதிக்குவா."