சாண எரிவாயுக் குழியை மூட வேண்டாம்

திருவண்ணாமலையில் நடந்த உழவர் பயிற்சி ஒன்றில், செங்கம் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுந்தார். "ஐயா, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் காஸ் எடுத்து அடுப்பு எரிக்கலாமாமே? சாண எரிவாயுக் குழியை மூடிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மூடலாமா?" என்று கேட்டார். ஐந்து மாடுகள் உள்ள குடும்பம். இதே ஐயம் வேறு பலருக்கும் இருக்கலாம் என்பதால் இங்கே விளக்குகிறேன்.

தண்ணீர் எரிபொருளா?

தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும். ஹைட்ரஜன் எரியும்போது புகை இல்லை. மீண்டும் தண்ணீரே உண்டாகிறது. வீட்டு உபயோகத்துக்கு இது புதிதும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் போன்ற நகரங்களில் குழாய் வழியே வழங்கிய நிலக்கரி வாயுவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன்தான்.

ஆனால் இங்கே செலவாவது தண்ணீர் அல்ல, மின்சாரம். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் தரும் வெப்பத்துக்கு ஈடாக சுமார் 5.4 கிலோ ஹைட்ரஜன் தேவை. அதற்கு 270 முதல் 300 யூனிட் வரை ஆகும். அதே சமையலை மின்காந்த அடுப்பில் நேரடியாகச் செய்தால் அதில் பாதி மின்சாரம் போதும்.

சேமிப்பதும் எளிதல்ல. அழுத்தாமல் வைத்தால் அந்த 5.4 கிலோவுக்கு 15 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறை வேண்டும். நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, சிறு இடுக்கிலும் கசியும். காற்றில் 4 முதல் 75 சதம் வரை கலந்திருந்தால் தீப்பற்றும். பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரிவதே அரிது.

2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி மத்திய அரசு ஒப்புதல் அளித்த பசுமை ஹைட்ரஜன் திட்டமும் பெரிதும் உரம், எண்ணெய் சுத்திகரிப்பு, எஃகு போன்ற தொழில்களுக்கானதே. "தண்ணீரில் எரியும் அடுப்பு" என்று யாராவது விற்க வந்தால், மாதம் எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும் என்று முதலில் கேளுங்கள்.

குழிக்குள்ளே ஹைட்ரஜன்

உண்மையில் உங்கள் சாணக் குழியிலேயே ஹைட்ரஜன் உண்டாகிறது. சாணத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அமிலங்களையும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. வேறு வகை நுண்ணுயிர்கள் இவற்றை மீத்தேனாக மாற்றுகின்றன. மின்சாரம் இல்லாமலே நடக்கும் வேலை இது.

நாள்தோறும் 50 கிலோ சாணம் இட்டால் சுமார் 2 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். இது மாதத்துக்கு 25 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. சாணத்தை வரட்டியாக எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். குழியிலிருந்து வரும் சாணக்கரைசலிலோ அது நிலத்துக்குத் திரும்புகிறது.

கவனிக்க வேண்டியவை

1. சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, கல், மண், வைக்கோல் நீக்கி, நாள்தோறும் இடுங்கள்.

2. பழைய சோறு, காய்கறிக் கழிவை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். அமிலம் மிகுந்து, மீத்தேன் உண்டாவது நின்றுவிடும். அப்படி நேர்ந்தால் சில நாட்கள் எதுவும் இடாமல் விட்டு, பிறகு சிறிது சிறிதாகச் சாணக்கரைசல் மட்டும் இடுங்கள்.

3. குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு.

4. தூர் வார எவரும் குழிக்குள் இறங்கக் கூடாது. விஷவாயு நொடியில் உயிரைப் பறிக்கும். பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள்.

விசாரித்ததில், அந்தச் சகோதரி வீட்டில் சாணம் இடுவதையே சில மாதங்களாக நிறுத்தியிருந்தார்கள். குறை குழியில் இல்லை. "மூட வேண்டாம் அம்மா, கசிவைச் சரிபார்த்து நாளை முதல் சாணம் இடுங்கள்" என்றேன். ஐந்து மாடுகள் உள்ள வீட்டுக்கு அதுவே இன்றைய சிக்கன அடுப்பு.