தண்டவாளம் கிடந்த தடம்

சிங்கப்பூரின் ஆக உயரமான மலை புக்கிட் தீமா. 163 மீட்டர்தான். ஆனாலும் அதைச் சுற்றியுள்ள நிலம் மேடும் பள்ளமுமாகத்தான் கிடக்கிறது. அந்த மலையடிவாரத்தை ஒட்டி, மூட்டுவலிக்காரர்கூட மூச்சு வாங்காமல் நடக்கக்கூடிய ஒரு பாதை போகிறது. பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துப் பாட்டிகள் நடக்கிறார்கள். கைத்தடி ஊன்றியவர்கள் மெதுவாக நடக்கிறார்கள். கால் தானாகப் போகிறது.

இந்தச் சமதளம் இயற்கை கொடுத்ததல்ல. செங்குத்தான ஏற்றத்தில் ரயில் ஏறாது. எனவே மேடு வந்த இடத்தில் வெட்டினார்கள். பள்ளம் வந்த இடத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள். சாலை குறுக்கிட்ட சில இடங்களில் இரும்புப் பாலம் போட்டார்கள். நீராவி இயந்திரத்துக்காகச் செய்த வேலை அது. இன்று நம் முழங்காலுக்கு உதவுகிறது. ‘ரெயில் காரிடார்’ என்று சிங்கப்பூரர்கள் சொல்லும் இந்த 24 கிலோமீட்டர் தடம், வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் வரை தீவை நெடுக்காகக் கடக்கிறது. 2011 வரை அதில் ரயில் ஓடியது.

முதல் ரயில் 1903-ல். அப்போது நகரத்து முனையம் டேங்க் ரோட்டில் இருந்தது, தைப்பூசத்தன்று காவடிகள் வந்து சேரும் தண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே சாலையில். எதிர்க்கரையிலிருக்கும் ஜோகூருக்குப் போகிறவர்கள் தீவின் வடமுனையில் இறங்கிப் படகேற வேண்டும். 1923-ல் கடற்பாலத்தின் மேல் தண்டவாளம் வந்த பிறகு மலாயாவுக்கு ஒரே ரயிலில் போக முடிந்தது. நகருக்குள் வண்டிகள் பெருகின, ரயில்வே கேட்டுகளில் நெரிசலும் பெருகியது. அதனால் புக்கிட் தீமாவிலிருந்து பாதையை மேற்கே திருப்பித் துறைமுகத்தை ஒட்டிக் கொண்டுபோனார்கள். 1932 மே மாதம் தஞ்சோங் பகார் நிலையம் திறந்தது. இன்று நடப்பவர்கள் நடப்பது இந்த வழியில்தான்.

மலாயா ரயில்வேயில் தமிழர்கள் இல்லாத மூலை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் தண்டவாளத்தில் நின்றார்கள்: கட்டை மாற்றுவது, சரளைக்கல் போட்டு இறுக்குவது, மழைக்குப் பின் கரை சரிந்ததா என்று பார்ப்பது. குவீன்ஸ்வே பக்கத்துக் குடியிருப்பில் வாழ்ந்த ரயில்வே தொழிலாளர்கள் 1932 வாக்கில் தண்டவாளத்தை ஒட்டி முனீஸ்வரனுக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார்கள். கிராமத்து எல்லையில் நிற்கும் காவல் தெய்வம், நாளும் ஆபத்தோடு வேலை செய்தவர்களுக்குத் துணையாக அங்கே வந்து நின்றது. சாலையை விரிவாக்க வேண்டியிருந்தபோது கோயில் இடம் மாறி, 1998 முதல் காமன்வெல்த் டிரைவில் பெரிய ஆலயமாக நிற்கிறது. தடத்தில் நடப்பவர்களுக்கு அது எட்டும் தூரம்தான்.

சிங்கப்பூர் தனி நாடான பிறகும் அந்த நிலம் மலேசிய ரயில்வேயிடமே இருந்தது. பக்கத்துத் தொகுதி வீட்டில் குடியிருப்பவர் தண்டவாளத்தில் கால் வைத்தால் அது அத்துமீறல். ஆனாலும் ஓரத்தில் கீரையும் வாழையும் போட்டுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். கேட்டைத் திறந்து மூடும் காவலாளிகளின் குடும்பங்கள் அங்கேயே வசித்தன. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிரெதிரே ரயில் வந்துவிடக் கூடாது. அதற்காக புக்கிட் தீமா நிலையத்தில், ஓட்டுநரும் நிலைய ஊழியரும் ஒரு வளையத்தைக் கைமாற்றிக்கொள்ளும் பழைய முறை கடைசி நாள்வரை நடந்தது. அந்த வளையத்தில் மாட்டிய சாவி கையில் இருப்பவருக்கே அடுத்த பகுதிக்குள் நுழைய உரிமை.

இந்த ரயில்வே நிலம் பற்றி 1990-ல் போட்ட உடன்பாடு இருபது ஆண்டுகள் இழுபட்டு, 2010-ல் இரு நாடுகளும் நிலத்தை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டன. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். மறுநாள் முதல் நிலம் சிங்கப்பூருடையது.

இந்தக் கதையில் எனக்கு ஆகப் பெரிதாகத் தோன்றுவது அதன் பிறகு நடந்தது, சரியாகச் சொன்னால் நடக்காமல் போனது. நிலத்தை அங்குலக் கணக்கில் எண்ணும் தீவு அது. துண்டு துண்டாக்கி வீடும் கடையும் கட்டியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ரயில் நிற்பதற்கு முன்பே, 2010 அக்டோபரில், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு திட்டத்தை முன்வைத்தது: இதை அறுக்காமல் முழு நீளத்துக்கும் பசுமைத் தடமாக வைத்திருங்கள் என்று. அழுத்தம் ‘முழு நீளத்துக்கும்’ என்பதில். இப்படிப்பட்ட நிலத்தின் மதிப்பு அகலத்தில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு கட்டடம் எழுந்தாலும் மிஞ்சுவது இரண்டு முட்டுச்சந்துகள். பறவைக்கும் விலங்குக்கும் அதே கணக்குத்தான். மக்கள் பேசினார்கள், எழுதினார்கள், அரசு கேட்டுக்கொண்டது.

தண்டவாளத்தைப் பெயர்க்கும் முன், 2011 ஜூலையில், நடந்து பார்க்க மக்களை அனுமதித்தார்கள். ஒரு வாழ்நாள் முழுக்கத் தொலைவிலிருந்து மட்டும் பார்த்த இடத்தில் குடும்பம் குடும்பமாகக் கட்டைக்குக் கட்டை கால் வைத்து நடந்தார்கள். பிறகு இரும்பு போனது. பல ஆண்டுகள் அது சேற்றுப் பாதை. மழை பெய்தால் செருப்போடு கால் புதையும். இடையில் ஒரு பகுதியை மூடி, பாதைக்கு அடியில் நகரத்துக்கான பெரிய குடிநீர்க் குழாயைப் பதித்தார்கள். காலடியில் நகரத்தின் தண்ணீர் ஓடுவதை நடப்பவர்களில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 2021 மார்ச்சில் புக்கிட் தீமாவின் 4 கிலோமீட்டர் செப்பனிட்டுத் திறக்கப்பட்டது. 2022 ஜூலையில் பழைய நிலையமும் திறந்தது; சிறிய செங்கல் கட்டடம், முன்னால் கொஞ்சம் தண்டவாளம், அருகில் கறுத்த இரும்புப் பாலம்.

இன்றைய தடம் இறுக்கிய சரளை. இரு பக்கமும் புல். பெரும்பகுதியில் விளக்கு இல்லை. இரவு உயிர்களை உத்தேசித்து அப்படி விட்டிருப்பது எனக்குச் சரியென்றே படுகிறது. நிழல் மட்டும் எல்லா இடத்திலும் போதாது. ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் தெற்குப் பகுதியில் முதியவர்கள் பாடு கஷ்டம். வார இறுதிகளில் சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். முதன்முறை போகிறவர்கள் ஹியூம் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி, தெற்கு நோக்கிக் கிங் ஆல்பர்ட் பார்க் வரை நடக்கலாம். வழியில் வெட்டிய கரைகளில் பெரணி படர்ந்திருப்பதைப் பாருங்கள்; மண்வெட்டி பட்ட நிலம் அது.

அந்த மண்வெட்டிகளைப் பிடித்தவர்களைப் பற்றித்தான் இன்னும் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலையங்களைப் பாதுகாத்தார்கள், பாலங்களைப் பாதுகாத்தார்கள். தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னமானது. அதன் பக்கத்தில் நிலத்தடி எம்ஆர்டி நிலையப் பணிக்காக 2016-ன் கடைசியில் அதை மூடினார்கள். அது மீண்டும் பொதுமக்களுக்கான இடமாகத் திறக்கும்போது, தண்டவாளத் தொழிலாளர்களுக்கு அங்கே ஒரு சுவர் முழுக்க இடம் வேண்டும். எந்த ஊர்களிலிருந்து கப்பலேறினார்கள், என்ன கூலி வாங்கினார்கள், எந்தக் குடியிருப்பில் வாழ்ந்தார்கள் என்பதைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும். கேட்டால் சொல்ல ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுபது எண்பது வயதாகிறது. சீக்கிரம் போய்க் கேட்க வேண்டும்.